கயிறும் கையும்

கோதண்டம் என்றவுடன் இராமனது வில்லே நம் நினைவுக்கு வரும். கம்பனைக் கற்பிக்கும் ஆசிரியர் எவரும் அப்பொருளைத்தான் மாணவருக்குச் சொல்வர். ஆயின், தமிழ் அகராதியைப் புரட்டுவோர் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் இருத்தலைக் காண்பர். திண்ணைப் பள்ளிக்கூடத்தின் உத்தரத்திலிருந்து தொங்கவிடப்பட்ட கயிறு அது. பாடம் ஒப்பிக்கத் தவறிய பிள்ளையும், பள்ளிக்கு வராது ஒளித்துத் திரிந்த பிள்ளையும் அக்கயிற்றைக் கைகளாற் பற்றிக்கொண்டு, கால் நிலத்தில் முட்டாதவாறு தொங்குதல் வேண்டும். கை சோர்ந்து கால் தாழ்ந்தாற் பிரம்பு காத்திருக்கும். காவிய நாயகனின் வில்லுக்குரிய பெயரை ஏழு வயதுப் பாலகனைத் தொங்கவிடும் கயிற்றுக்குச் சூட்டிய அந்த முதல் வாத்தியார் யாரோ நாம் அறியோம். நகைச்சுவை உணர்வு மிக்கவராக இருந்திருத்தல் வேண்டும்.

பிரம்படியைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டுவிட்டது. அதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தத்தம் வாதங்களை மனனஞ் செய்து வைத்திருக்கின்றனர். கட்டுதலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளையின் கையைக் காலைக் கட்டுதல், அமுக்கிப் பிடித்தல், அறையிற் பூட்டுதல் ஆகியவற்றை நாம் தண்டனை என்று எண்ணுவதுகூட இல்லை. அவை பாதுகாப்பு, அவை ஒழுங்கு, சில வேளைகளில் அவை அன்பு. அடி ஒரு கணத்தில் முடிந்துவிடும். அடித்தவன் தன் கோபத்துக்காகப் பின்னர் வெட்கப்படவுங் கூடும். கட்டியவனோ கட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். கட்டின் முழுப் பயனும் அதுதான். கட்டியவன் அங்கு நிற்கவேண்டிய தேவை இல்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்தைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். ஒரு வாத்தியார், முப்பது நாற்பது பிள்ளைகள், ஐந்து வயதினர் முதல் மீசை அரும்பியோர் வரை ஒரே திண்ணை. பெற்றோர் தரும் நெல்லும் காய்கறியும் விசேட தினக் காணிக்கையுமே வாத்தியாருக்கு ஊதியம். பிள்ளையை ஒப்படைக்கும் தகப்பன், கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியே ஒப்படைப்பான். வராத பிள்ளையைச் சட்டாம்பிள்ளையும் அவன் கூட்டாளிகளும் வீடு தேடிச் சென்று கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கி வருவர். இந்தத் திண்ணையில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இடமில்லை என்பதையும் ஈண்டு மறத்தலாகாது. தாழ்த்தப்பட்ட குடியினரின் பிள்ளைகள் அதில் ஏறவே முடியாது. அவர்களைக் கட்டுவதற்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. வயலும் கடனும் போதியனவாயிருந்தன.

கோதண்டத்தோடு சேர்ந்து வழங்கிய மற்றொரு சொல் அண்ணாந்தாள். கழுத்தையும் காற் பெருவிரலையும் கயிற்றாற் பிணைத்து உடலை வளைத்து வைக்கும் முறை இது. பழைய அகராதிகள் இதனைப் பள்ளித் தண்டனை என்று குறிக்கின்றன. ஆனால் இச்சொல் அகராதியில் மட்டும் இடம்பெறவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிற் சென்னை மாகாணத்தில் நில வரி அறவிடுவதற்காகக் குடியானவர் சித்திரவதை செய்யப்படுகின்றனர் என்ற முறைப்பாடு பிரித்தானியப் பாராளுமன்றம் வரை எட்டியபோது, அதனை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 1855இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கையிலே, மிகப் பரவலாக வழங்கிய இரு வதைகளாகச் சொல்லப்பட்டவை கிட்டியும் அண்ணாந்தாளுமே. குடியானவனின் சொந்தத் துணியாலோ, தும்புக் கயிற்றாலோ, வைக்கோற் புரியாலோ கழுத்தையும் கால்விரலையும் பிணைத்து அவனை வளைத்து வைத்தனர் என்கிறது அவ்வறிக்கை. வரி கொடுக்கும் வரை அவன் வெயிலில் அவ்வாறே கிடப்பான்.

வளர்ந்தவனை வதைக்கும் முறைக்கும் பாலகனைத் திருத்தும் முறைக்கும் ஒரே பெயர். பள்ளிக்கூடத்திலிருந்து அது கச்சேரிக்குச் சென்றதா, கச்சேரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்ததா என்ற ஆராய்ச்சி பெரிதன்று. இரண்டுக்கும் முன்னோடி மாட்டுத் தொழுவமாக இருத்தல் கூடும். வேலி பாயும் மாட்டுக்குக் கொம்பையும் முன்னங்காலையும் சேர்த்துக் கயிறிடுவதை இன்றும் நம் கிராமங்களிற் காணலாம். அடியாத மாடு படியாது என்று வகுப்பறையில் நாம் சொல்லும்போது, யாரைப் பார்த்து அதைச் சொல்கிறோம் என்பதை எண்ணுவதில்லை. பாடம் ஒப்பிக்காத பிள்ளையும், வரி செலுத்தாத குடியானவனும், வேலி பாய்ந்த மாடும் ஒரே முடிச்சினால் ஆளப்பட்டனர். நிலமானியச் சமுதாயத்தில் இதற்குமேல் நுண்ணிய வேறுபாடுகள் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு சாராரின் குரல் நமக்குக் கேட்கின்றது. பழைய பள்ளிக்கூடம் காட்டுமிராண்டித்தனமானது, மேனாட்டார் வந்தே பிள்ளைகளை மனிதராக நடத்தக் கற்பித்தனர் என்பர் அவர்கள். வரலாறு இவ்வளவு எளிமையானதன்று. அன்று சென்னைக்கும் இலண்டனுக்குமிடையே கப்பலேறியவை மிளகும் துணியும் மட்டுமல்ல.

அன்ட்றூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் 1787இற் சென்னைக்கு வந்தார். 1789இல் எழும்பூரில் நிறுவப்பட்ட இராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பை அவர் ஏற்றார். வெள்ளைச் சிப்பாய்களுக்கு இந்தியப் பெண்களிடம் பிறந்து, தந்தையரால் கைவிடப்பட்ட அல்லது தந்தையரை இழந்த பிள்ளைகள் அங்கு வளர்ந்தனர். ஒருநாட் காலை குதிரையிற் சென்றபோது, நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பெல் கண்டார். மணலுக்குச் செலவில்லை. தம் இல்லத்திலும் அதனைப் புகுத்த விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இசையவில்லை. ஆகவே ஏறக்குறைய எட்டு வயதான ஒரு மாணவனையே சின்னஞ்சிறாருக்கு எழுத்துக் கற்பிக்க நியமித்தார். நமது சட்டாம்பிள்ளை ஆங்கில உடுப்பணிந்துகொண்ட கதை இது. 1797இல் இலண்டனில் வெளிவந்த பெல்லின் சிறு நூல், மாணவன் மாணவனுக்குக் கற்பிக்கும் இம்முறையை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது. சென்னை முறை என்றே அதற்குப் பெயருமாயிற்று.

அதே காலத்தில் இலண்டனின் சதக் பகுதியில், இருபது வயதுடைய ஜோசெப் லங்காஸ்ரர் என்ற குவேக்கர் சமயத்தவர் ஏழைப் பிள்ளைகளுக்காக 1798இல் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பெல்லின் நூலிலிருந்து அவர் பயன் பெற்றார். பின்னர் அம்முறையின் உண்மையான தந்தை யார் என்று இருவரின் ஆதரவாளரும் நெடுங்காலம் சண்டையிட்டனர். அச்சண்டை நமக்கு வேண்டியதன்று. லங்காஸ்ரரின் கனவே நமக்கு முக்கியம். ஓர் ஆசிரியர், ஒரு பெரிய மண்டபம், நூற்றுக்கணக்கில், இயலுமாயின் ஆயிரம் பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு ஆண்டொன்றுக்குச் சில ஷிலிங்குகளே செலவு. நூற்பாலைகள் எழுந்துகொண்டிருந்த இங்கிலாந்துக்கு, ஆலையைப் போல இயங்கும் ஒரு பள்ளிக்கூடம் வாய்த்தது. அரசன் மூன்றாம் ஜோர்ஜே 1805இல் லங்காஸ்ரரை அழைத்துப் பேசினான்.

லங்காஸ்ரர் குவேக்கர். வன்முறையை வெறுப்பவர். பிரம்பை அவர் கண்டித்தார். ஆயின் ஆயிரம் பிள்ளைகளை ஓர் ஆசிரியர் எவ்வாறு அமர்த்தி வைப்பது? அவரே எழுதி வெளியிட்ட நூலில் விடை இருக்கின்றது. குற்றஞ் செய்த பிள்ளையின் கழுத்தில் நான்கு முதல் ஆறு இறாத்தல் நிறையுள்ள மரக்கட்டை ஒன்று மாட்டப்படும். நேராக அமர்ந்திருந்தால் அது தோளிற் சும்மா கிடக்கும், அசைந்தால் இழுக்கும். அதற்கு மசியாதவனுக்குக் கால்களை இணைக்கும் மர விலங்கு. அவ்விலங்கோடு களைக்கும் வரை மண்டபத்தைச் சுற்றி நடக்க வேண்டும். சிலருக்கு முழங்கைகளை முதுகுப்புறமாகப் பிணைக்கும் விலங்கு. மீண்டும் மீண்டும் குற்றஞ் செய்வோர் பலரை ஒரே நுகத்திற் கழுத்து மாட்டிப் பின்னோக்கி நடக்க விடுவதும் உண்டு. இதற்கு வணிகக் கூட்டத்தின் பெயரைச் சூட்டினார். எல்லாவற்றிலும் மேலானதாக அவர் கருதியது கூடை. பிள்ளையைக் கூடையில் இட்டு மண்டபத்தின் கூரையிலிருந்து தொங்கவிடுவர். கீழே இருக்கும் பிள்ளைகள் கூண்டுப் பறவையைப் பார்த்து நகைப்பர்.

கோதண்டம் உத்தரத்திலிருந்து தொங்கிற்று. கூடை கூரையிலிருந்து தொங்கிற்று. முன்னதைப் பார்த்துப் பின்னது செய்யப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதற்குச் சான்றில்லை. ஒருவரை ஒருவர் பாராமலே இரண்டு வாத்தியார்களும் ஒரே முடிவுக்கு வந்தனர் என்பதுதான் கவனத்துக்குரியது. ஒருவர் மூடநம்பிக்கையில் மூழ்கியவர் என்றும் மற்றவர் அறிவொளி பெற்றவர் என்றும் வைத்துக்கொண்டாலும், இருவர் முன்னும் இருந்த கணக்கு ஒன்றே. பிள்ளைகள் பலர், ஆள் ஒருவர், செலவழிக்க எவருக்கும் மனமில்லை. இக்கணக்குக்கு எந்த நாட்டிலும் கயிறே விடையாக வரும்.

பிரித்தானியப் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடை செய்தது 1807இல். அதற்காகப் பாடுபட்டோரின் முன்னணியில் நின்றவர்கள் குவேக்கர்கள். அவர்களது பண உதவியிலேயே லங்காஸ்ரரின் பள்ளிகளும் நடந்தன. அடுத்த ஆண்டில், 1808இல், கவிஞர் கோல்றிட்ஜ் தம் இலண்டன் விரிவுரை ஒன்றில் லங்காஸ்ரரின் தண்டனைகளை வன்மையாகத் தாக்கினார். இத்தகைய விலங்குகளுக்குப் பழகிய பிள்ளை சிறைச்சாலையைக் கண்டு அஞ்சான், அடிமைக் கப்பலைக் கண்டு மனம் பதையான் என்ற கருத்துப்பட அவர் பேசியதாகத் தெரிகின்றது. கோல்றிட்ஜின் அரசியல் அதற்குள் பழைமைவாதத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது. அவரும் அவர் நண்பர் சதேயும் பெல்லின் கட்சியினர். அதாவது, நிலைநாட்டப்பட்ட திருச்சபையின் கட்சியினர். ஆகையால் முற்போக்காளர் பலர் அவர் பேச்சைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்கிவிட்டனர். நம் பக்கத்தவன் செய்யும் கொடுமை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. எதிரி சுட்டிக்காட்டினால் அவன் எதிரி என்பது மட்டுமே தெரிகின்றது.

கட்டுதலைக் கைவிட முடியும் என்பது முதலில் நிறுவப்பட்டது பள்ளிக்கூடத்திலன்று. எவரும் எதிர்பாராத ஓரிடத்தில். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலே மனநோயாளருக்கான ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கு 1829இல் ஒரு நோயாளி இரவு முழுதும் படுக்கையோடு கட்டப்பட்ட நிலையிற் கவனிப்பாரின்றி இறந்தார். அதன்பின் நிருவாகம் ஒரு விதி செய்தது. இரவில் எந்த நோயாளியைக் கட்டினாலும், ஒரு பணியாளர் விடியும் வரை அவரருகே விழித்திருத்தல் வேண்டும். விதி எளியது. விளைவு வியப்புக்குரியது. பணியாளர் அருகே இருப்பாராயின் கட்டுவதற்கே தேவை இல்லை என்பது மெல்ல மெல்லப் புலனாயிற்று. கட்டு என்பது நோயாளியின் வெறிக்கு மருந்தாக இருந்ததில்லை. பணியாளர் இல்லாமைக்கு ஈடாகவே இருந்தது.

அங்கு பணியாற்றிய ரொபேட் கார்டினர் ஹில் என்ற இளம் மருத்துவர் ஒவ்வொரு கட்டையும் மணிக்கணக்கிற் பதிவேட்டில் எழுதி வைத்தார். 1830இல் 92 நோயாளருள் 54 பேர் கட்டப்பட்டனர். கட்டப்பட்டிருந்த மொத்த நேரம் 27,000 மணிக்கு மேல். 1837இல் நோயாளர் தொகை 130 ஆக உயர்ந்தது. கட்டப்பட்டோர் இருவர், நேரம் 28 மணி. அடுத்த ஆண்டில் ஒருவருமில்லை. தகுந்த கட்டடமும் போதிய தொகையான நல்ல பணியாளரும் இருப்பின் கட்டு ஒருபோதும் தேவையன்று என்று 1838இல் அவர் பொதுமேடையில் அறிவித்தார். அறிவித்த ஊரிலேயே எதிர்ப்புக் கிளம்பிற்று. பணியாளரின் வேலை கூடிவிட்டதல்லவா? 1840இல் ஹில் பதவி விலக நேர்ந்தது. எனினும் 1839இல் ஜோன் கொனொலி என்ற மருத்துவர் இலண்டனுக்கு அண்மையிலுள்ள ஹான்வெல் மருத்துவமனையில், ஏறக்குறைய 800 நோயாளரிடையே, சில மாதங்களுக்குள் எல்லா விலங்குகளையும் வாரிகளையும் அகற்றிக் காட்டினார். ஹில் தம் முடிவை அறிவித்த அதே 1838இலேதான், கடனிலும் மனக்கசப்பிலும் மூழ்கி அமெரிக்காவுக்குச் சென்றுவிட்ட லங்காஸ்ரர் நியூயோர்க் வீதியில் வண்டியில் அடிபட்டு இறந்தார்.

மனநோயாளரின் விலங்கு அகன்ற அந்நாட்டிலே பிள்ளைகளின் விலங்கும் அகன்றிருக்க வேண்டுமல்லவா? கழுத்துக் கட்டையும் கூடையும் வழக்கொழிந்தது உண்மையே. ஆனால் லிங்கன் நகரின் பாடம் பெற்றோரற்ற, அல்லது நீதிமன்றத்தால் அனுப்பப்பட்ட பிள்ளைகள் வாழும் இல்லங்களுக்குள் முழுமையாகச் சென்று சேரவில்லை. 1983 தொடக்கம் 1989 வரை ஸ்ரபோட்சயர் மாவட்டத்துச் சிறுவர் இல்லங்களில் 132 பிள்ளைகளாவது தனி அறைகளில் அடைக்கப்பட்டனர். உடுப்புகள் எடுக்கப்பட்டு இரவுடை கொடுக்கப்பட்டது. மலசலகூடத்துக்குச் செல்வதற்கும் கதவைத் தட்டி அனுமதி கேட்க வேண்டும். சிலர் வாரக்கணக்கில் அவ்வாறு இருந்தனர். இதனைச் செய்தோர் இரகசியமாகச் செய்யவில்லை. ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவந்தனர். சிகிச்சை முறை என்றே நம்பினர். 1991இல் வெளிவந்த விசாரணை அறிக்கை அதனைக் கண்டித்தது.

அவ்வறிக்கை வெளிவந்து நான்காண்டுகள் கழியுமுன், 1994இல், பன்னிரண்டு வயது தொடக்கமான பிள்ளைகளைத் தடுத்து வைப்பதற்குப் பாதுகாப்பான பயிற்சி நிலையங்கள் என்ற புதுவகை நிறுவனங்களை அமைக்கச் சட்டம் இயற்றப்பட்டது. நடத்தும் பொறுப்பு இலாபத்துக்கு இயங்கும் தனியார் கொம்பனிகளுக்கு ஒப்பந்த அடிப்படையில் வழங்கப்பட்டது. சிறை என்று சொல்லாமற் பயிற்சி என்றனர். அங்கு வழங்கிய பிடிமுறைகளின் தொகுப்புக்குப் பராமரிப்பில் உடற்கட்டுப்பாடு என்று பெயர். அதில் ஒரு பிடியின் பெயர், அமர்ந்த நிலை இரட்டைத் தழுவல். பெயர் வைப்பதில் நமது திண்ணை வாத்தியாரை இவர்கள் தோற்கடித்துவிட்டனர்.

2004ஆம் ஆண்டு சித்திரையில், றெயின்ஸ்புறூக் என்ற நிலையத்தில், கரெத் மயற் என்ற 15 வயதுச் சிறுவன் அத்தழுவலில் இறந்தான். அவன் அங்கு வந்து மூன்று நாளே ஆகியிருந்தது. உயரம் ஐந்தடிக்குக் குறைவு. நிறை ஏறத்தாழ 41 கிலோ. பாண் வாட்டும் கருவியைத் துடைக்க மறுத்தமையால் அறைக்கு அனுப்பப்பட்டான். அங்கு அவனுடைய பொருட்களை எடுக்கத் தொடங்கினர். தாயின் தொலைபேசி எண் எழுதிய துண்டும் அவற்றுள் ஒன்று. அவன் எதிர்த்தான். வளர்ந்த மூவர் அவனைக் கட்டிலில் அமர்த்தி முன்னோக்கி வளைத்துப் பிடித்தனர். மூச்சு விட முடியவில்லை என்று அவன் கூறினான். கத்த முடிகிறதாயின் மூச்சும் விட முடியும் என்ற வகையிற் பதில் கிடைத்தது. வாந்தி எடுத்தான். பின்னர் அசையவில்லை.

உடலை முன்னோக்கி வளைத்து வைத்தல் என்று எழுதும்போது, 1855இன் அறிக்கை என் மேசையில் விரித்தபடி கிடக்கின்றது. அண்ணாந்தாளுக்குக் கயிறு வேண்டியிருந்தது. இங்கு கயிறு இல்லை, கைகளே கயிறாயின. ஆறு கைகள். ஆகவே ஆள் இல்லாமையே கட்டுக்குக் காரணம் என்ற என் வாதத்துக்கு இது மறுப்பாகத் தோன்றலாம். அங்குதான் ஆட்கள் இருந்தனரே? இருந்தனர். ஆனால் வந்து மூன்று நாளேயான ஒரு பிள்ளையிடம், அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டு, அவன் அழுது முடியும் வரை பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஆள் எவருமில்லை. பிடிப்பதற்கு ஆள் இருந்தது; இருப்பதற்கு ஆள் இல்லை. அங்கு பணியாற்றிய சிலர் நொறுக்குபவன், குதறுபவன் போன்ற பட்டப்பெயர்களால் அழைக்கப்பட்டனர் என்பது மரண விசாரணையில் வெளிவந்தது. இவர்கள் பிறவிக் கொடியோர் என்று நான் நினைக்கவில்லை. குறைந்த பயிற்சியோடு, கொம்பனியின் கணக்குக்குள் வேலை செய்த தொழிலாளர். எந்தத் திறமைக்கு அங்கு பெயர் கிடைத்தது என்பதையே அப்பட்டங்கள் காட்டுகின்றன.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஹசொக்பீல்ட் என்ற மற்றொரு நிலையத்தில் அடம் றிக்வூட் என்ற 14 வயதுச் சிறுவன் தூக்கிட்டு இறந்தான். இறப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன், அறைக்குப் போக மறுத்ததற்காகப் பணியாளர் அவனைப் பிடித்து மூக்கில் நோகச் செய்திருந்தனர். அது கோபத்திற் செய்த தாக்குதலன்று. கைந்நூலிலே உள்ள, மூக்குவழிக் கவனம் திருப்பல் என்ற அங்கீகரிக்கப்பட்ட முறை. மூக்கில் அடிக்க இவர்களுக்கு என்ன உரிமை என்று கேட்டு அவன் எழுதி வைத்திருந்தான். அவ்வினாவுக்குச் சட்டம் விடை சொல்ல ஏழாண்டுகள் சென்றன. 2007இன் முதல் விசாரணை போதாதென்று தாய் நீதிமன்றம் சென்றாள். 2011இல் நடந்த இரண்டாம் விசாரணையே, அவன்மீது பிரயோகிக்கப்பட்ட பலம் சட்டவிரோதமானது என்று முடிவு செய்தது.

இடையில் நடந்தது நோக்கத்தக்கது. பிள்ளை தப்பி ஓடுதல், பிறரைக் காயப்படுத்துதல் போன்றவற்றைத் தடுக்க மட்டுமே அதுவரை சட்டம் பிடிகளை அனுமதித்திருந்தது. வெறும் கீழ்ப்படியாமைக்கு அன்று. இரண்டு பிள்ளைகள் இறந்தபின், 2007இல், அரசாங்கம் பிடிப்பதை நிறுத்தவில்லை. ஒழுங்கைப் பேணவும் பிடிக்கலாம் என்று விதியை விரித்தது. சட்டத்துக்கு மாறான வழக்கத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, வழக்கத்துக்கு ஏற்பச் சட்டத்தைத் திருத்தினர். 2008இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை இரத்துச் செய்தது. பிடிகளை விவரிக்கும் கைந்நூலோ இரகசிய ஆவணமாகவே இருந்தது. பிள்ளைகளின் உரிமைக்காகப் போராடியோர் தகவல் அறியும் சட்டத்தின்கீழ் வழக்காடிய பின்னர், 2010இலே அது வெளிவந்தது. லங்காஸ்ரர் தம் விலங்குகளைப் பெருமையோடு அச்சிட்டு விற்றார். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தோருக்கு அதனை மறைக்க வேண்டும் என்ற அளவு முன்னேற்றம் ஏற்பட்டிருந்தது. றெயின்ஸ்புறூக்கிலிருந்து பிள்ளைகள் 2021இல் வெளியேற்றப்பட்டனர்.

இவை குற்றஞ் செய்த பிள்ளைகளின் கதைகள்தாமே என்று சிலர் ஆறுதல் கொள்ளக்கூடும். அத்தகையோர் அமெரிக்கப் பாடசாலைகளைப் பார்க்க வேண்டும். அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2009இல் வெளியிட்ட அறிக்கை, முந்திய இருபதாண்டுகளிற் பாடசாலைகளிற் பிள்ளைகளைக் கட்டியும் அடைத்தும் நிகழ்ந்த துன்புறுத்தல்கள், மரணங்கள் பற்றிய நூற்றுக்கணக்கான முறைப்பாடுகளைக் கண்டது. பெரும்பாலும் எல்லாமே உடல், மன ஊனமுற்ற பிள்ளைகள் பற்றியவை. 2017-18 கல்வியாண்டுக்கு அந்நாட்டுக் கல்வித் திணைக்களம் சேர்த்த புள்ளிவிவரத்தின்படி, மாணவர் தொகையில் 13 விழுக்காட்டினரான ஊனமுற்ற பிள்ளைகளே, பிடித்து அமுக்கப்பட்டோருள் 80 விழுக்காட்டினராக இருந்தனர். கறுப்பினப் பிள்ளைகளின் பங்கும் அவர்களது தொகைக்கு மேற்பட்டதே. பேசத் தெரியாத பிள்ளை. வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லத் தெரியாத பிள்ளை. சொன்னாலும் நம்பப்படாத பெற்றோரின் பிள்ளை. கயிறு ஆளறிந்தே வேலை செய்கின்றது.

வீதிக்குப் பாயும் பிள்ளையின் கையை எட்டிப் பிடிப்பதும் தவறா என்று என் சக ஆசிரியர்கள் கேட்பது காதில் விழுகின்றது. அன்று. எட்டிப் பிடித்த கை லொறி கடந்ததும் விட்டுவிடும். நான் பேசுவது விடாத பிடியைப் பற்றி. பிடித்தவர் போய்விட்ட பின்னும் தொடர்கின்ற பிடியைப் பற்றி. இதனைத் தத்துவமாகச் சொல்வதைவிட நான் கண்டதைச் சொல்லிவிடுவது நன்று. பத்தாண்டுகளாக இதனை எவரிடமும் சொன்னதில்லை.

எனக்கு முதல் நியமனம் கிடைத்த பாடசாலை பெருந்தெரு ஓரத்தில் இருந்தது. வேலி பாதி இல்லை. ஆறாம் வகுப்பில் 47 பிள்ளைகள். அவர்களுள் ஒருவன் பேசமாட்டான்; ஓரிடத்தில் இருக்கமாட்டான்; வாய்ப்புக் கிடைத்தால் வாயிலை நோக்கி ஓடுவான். அவனுக்கு இருந்த குறை என்னவென்று எங்களில் எவருக்கும் தெரியாது. தாய் கூலி வேலைக்குப் போகிறவள். வீட்டில் விட்டுச் செல்ல ஆளின்றிப் பள்ளிக்கு அனுப்பினாள். மூத்த ஆசிரியர் ஒருவர், நல்லவர், மழை நாட்களில் அந்தப் பிள்ளைக்குத் தம் சாப்பாட்டில் பாதியைக் கொடுப்பவர், ஒரு துவாயால் அவன் கணுக்காலை வாங்கின் காலோடு கட்டி வைப்பார். நான் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்டு, "தம்பி, றோட்டிலை லொறி அடிச்சுப் போட்டால் ஆர் பதில் சொல்லுறது? உப்பிடிக் கட்டினால் அவனுக்கும் பாதுகாப்பு, எங்களுக்கும் நிம்மதி" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அடுத்த வாரம் அவர் லீவில் இருந்தபோது, அத்துவாயை நானே எடுத்துக் கட்டினேன். அன்று என் பாடம் இடையூறின்றி நடந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். ஆகுபெயர் படிப்பித்தேன்.

மறு தவணையில் ஒரு தொண்டர் ஆசிரியை வந்தாள். சம்பளம் இல்லை, என்றோ ஒருநாள் நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கை மட்டும். பாடம் கொடுக்க இடமில்லாததால் அதிபர் அவளை அந்தப் பையனோடு இருக்கச் சொன்னார். அவள் பெரிதாக எதையும் செய்யவில்லை. அவன் எழுந்தால் தானும் எழுந்தாள். பாடவேளைக்கு இருமுறை அவனோடு வேம்பைச் சுற்றி நடந்து வந்தாள். வாயிலை நோக்கி ஓடினால் முன்னே போய் நின்றாள். இரண்டு வாரத்தில் அவன் அவளது சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிவிட்டான். துவாய் சுவரிலிருந்த ஆணியில் ஐந்து மாதம் தொங்கிற்று, தூசி படிந்தது. ஒரு நாள் எங்களிடம் கரும்பலகையைக் காட்டி ஏதோ ஒலி எழுப்பினான். அதை ஒரு சொல் என்று அவள் வாதாடினாள், நாங்கள் சிரித்தோம்.

வீட்டு நிலைமை காரணமாகச் சம்பளமில்லாத வேலைக்கு அவளால் தொடர்ந்து வர முடியவில்லை. ஒரு கடையிற் கணக்கெழுதப் போய்விட்டாள். வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதிபர் கடிதம் எழுதினார். பதிலாள் தருவதற்கு ஆளணியில் அத்தகைய பதவி இல்லை என்று பதில் வந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை மூத்த ஆசிரியர் துவாயை ஆணியிலிருந்து எடுத்து, இரண்டு தரம் உதறிவிட்டு, வாங்கின் அருகே குனிந்தார்.